மிஞ்சிய ஒரு போல்ட்

ஏழு வருடம் பூட்டி முடித்த பிறகு
டப்பாவின் அடியில் ஒன்று மிஞ்சியது.
எட்டு மில்லிமீட்டர் தடிமன், சுண்டுவிரல் நீளம்.
எங்கிருந்து கழற்றினேன் என்று
நானும் எழுதி வைக்கவில்லை,
படம் போட்ட கையேடும் சொல்லவில்லை.
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

அறுபத்தேழாம் வருடத்து லான்சியா ஃபுல்வியா.
முதலில் பார்த்தபோது
வாத்துக் கொட்டகையில் நான்கு செங்கல் மேல் நின்றிருந்தது.
ஸ்டியரிங்குக்குப் பின்னால், கிழிந்த இருக்கையில்
ஒரு வாத்து அடைகாத்துக்கொண்டிருந்தது.
'பொரிக்கட்டும், பிறகு எடுத்துப் போங்கள்' என்றார் உடையவர்.
இருபத்தோரு நாள் காத்திருந்தேன்.
பணம் கொடுத்துவிட்டுத்தான்.

பல் செட் கட்டுவது என் தொழில்.
மயிரிழை தவறினாலும்
வாய் காட்டிக்கொடுத்துவிடும்.
அதே கையால்தான் கார்புரேட்டர்களைச் சுத்தம் செய்தேன்,
பல் தேய்க்கும் பிரஷ்ஷால்.

மூன்றாம் வருடம் எர்மெஸ் பிரிந்து போனான்.
கட்டிலை எடுத்துக்கொண்டான், நாயை எடுத்துக்கொண்டான்.
சாப்பாட்டு மேசை மட்டும் என் பங்குக்கு வந்தது,
அதன் மேல் கியர்பாக்ஸ்
பிரித்துப் போட்டுக் கிடந்ததால்.

இன்று ஜூன் ஞாயிறு, காலை ஐந்தரை.
பியெல்லா நகரம் குறட்டையில் இருக்கிறது.
சோக்கை இழுத்தேன், சாவியைத் திருப்பினேன்.
ஓர் இருமல்.
இன்னோர் இருமல்.
பிறகு, வெகுநாள் பேசாதிருந்தவர்
சண்டைக்கென்றே வாய் திறந்த மாதிரி
ஒரு குரல்.
எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது.
திட்ட வந்தவர் திட்டாமல்
பைஜாமாவோடு நின்று பார்த்தார்.

ஓரோப்பாவுக்கு ஏறும் மலைப்பாதை.
காதெல்லாம் அந்த போல்ட்.
டக் என்றால் ஸ்டியரிங்கோ?
கிறீச் என்றால் பிரேக்கோ?
ஒவ்வொரு வளைவிலும் வயிற்றில் புளி கரைந்தது.
முன் சக்கரங்கள் பாதையைப் பற்றி
சேலை முந்தானையைச் சுருட்டுவது போல்
உள்ளே இழுத்துக்கொண்டே போயின.
நான்காயிரம் சுற்றில் முள் நின்றபோது
மர டாஷ்போர்டு உள்ளங்கைக்குள் மெல்ல அதிர்ந்தது.
ஐந்தாம் வளைவில் போல்ட்டை மறந்தேன்.
மறந்திருந்தேன் என்பது
ஏழாம் வளைவில்தான் தெரிந்தது.

அங்கே நாற்பது மாடுகள்.
கோடைப் புல்லுக்கு மேலே ஏறுகிற கூட்டம்.
பிரேக் பிடித்தது, நான் பிடித்த பிடியில்
இன்ஜினும் நின்றுவிட்டது.
சாம்பல் பசு ஒன்று வந்து
எட்டுப் பூச்சு அடித்த நீலத்தை
நிதானமாக, ஓரம் முதல் ஓரம் வரை
நக்கியது.

நொண்டிக்கொண்டு ஒருத்தி ஓடி வந்து அதை விரட்டினாள்.
நிவெஸ் என்று பேர் சொன்னாள், வயது இருபது இருக்கும்.
'கால் பிசகிவிட்டது. மாடுகளைத் தம்பி ஓட்டி வருவான்.
மேலே எங்கள் கொட்டில் வரை விடுவீர்களா?'
ஏறு என்றேன்.

உட்கார்ந்தாள்.
கிளட்சை விட்டேன்.
இருக்கை அப்படியே மல்லாந்தது.
சாணி அப்பிய இரண்டு பூட்ஸ்
நான் ஒரு குளிர்காலம் முழுக்கத் தைத்த கூரைத்துணியில்
அச்சுப் பதித்தன.
ஒரு நொடி அமைதி.
பிறகு, கால்கள் மேலேயே இருக்க,
அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

இறங்கினேன், குனிந்தேன், பையில் கை விட்டேன்.
போல்ட் முதல் மூன்று சுற்று கையாலேயே ஏறியது,
பாக்கிக்குப் பதிமூன்றாம் நம்பர் ஸ்பானர்.
என் இருக்கையை என் முதுகுக்கேற்ப
பதினொரு தடவை கழற்றி மாட்டியவள் நான்.
இந்த இருக்கையில்
கருவிப் பெட்டியைத் தவிர
யாரையும் உட்கார்த்திப் பார்த்ததில்லை.

புதுத் தோல் வாசனைக்குள்
பாலும் ஈரப் புல்லும் புகுந்துவிட்டன.
கண்ணாடிப் பாத்திரத்தை மூடுவது போல்
அவள் கதவை மெல்லச் சாத்தினாள். பூட்டவில்லை.
'ஓங்கிச் சாத்து,' என்றேன்,
'ஒன்றும் ஆகாது.'

சாத்தினாள்.
இரண்டாம் கியர்.
பின் கண்ணாடியில் நாற்பது மாடுகள்
எங்களுக்கு வழிவிட்டதை மறந்து
மறுபடி பாதை முழுக்கப் பரவின.